ஓரியூரில் அலையடிக்கிறதா?

தொண்டிக்காரன்:
மீன்பிடித் தடைக்காலத்தில் படிக்க நல்ல கிறிஸ்தவ நாவல்கள் என்று வேர்க்காட்டு வாசகி நேற்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். பென்ஹர், குவோ வாடிஸ் எல்லாம் சரி. முதல் இடம் எதற்குத் தெரியுமா? போர்ச்சுகலிலிருந்து வந்த மறைப்பணியாளர் புனித அருளானந்தரை (ஜான் டி பிரிட்டோ) பற்றிய அந்தச் சிறு நாவலுக்கு. “புனிதரின் தலை விழுந்த கணத்தில் ஓரியூர்க் கடல் அலையடங்கி நின்றது என்ற இடத்தில் அழுதுவிட்டேன்” என்று வேறு எழுதியிருக்கிறார். எனக்கும் அழுகைதான் வந்தது. ஓரியூரில் ஏதம்மா கடல்? 1693 பிப்ரவரி 4ஆம் தேதி அவரை வெட்டியது பாம்பாற்றங்கரையில். கடற்கரையில் பிறந்த நமக்கே ஆறு எது, கடல் எது என்று தெரியாவிட்டால் யாருக்குத் தெரியும்?

வேர்க்காட்டு வாசகி:
அண்ணன் அவர்களுக்கு வணக்கம். முழுப் புத்தகத்திலும் உங்கள் கண்ணில் பட்டது அந்த ஒரு வரிதானா? சிறையில் கரியைக் குழைத்துக் கடிதம் எழுதும் அத்தியாயத்தைப் படித்தீர்களா? காவலன் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் அவர் தாளின்மேல் உள்ளங்கையை வைத்து மறைக்கிறார். ஈரம் காயாத எழுத்து கையில் ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் அந்தக் கரிக்கையோடுதான் அவரை நடத்திப் போகிறார்கள். அதைப் படித்துவிட்டும் ஒருவர் நிலவரைபடத்தைத் தேடுகிறார் என்றால் நான் என்ன சொல்ல? நாவல் என்பது பட்டாவும் அடங்கலும் அல்ல.

தொண்டிக்காரன்:
கரியால் கடிதம் எழுதியது நடந்தது. அதனால்தான் அந்த அத்தியாயம் நிற்கிறது. கடல் நடக்காதது. ஓரியூர் பஸ் கடைசியில் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் போகும். ஏறிப் பாருங்கள்.

பாம்பன் காற்று:
பென்ஹர் நாவலை லூ வாலஸ் 1880இல் வெளியிட்டபோது அவர் எருசலேமைக் கண்ணால் பார்த்ததே இல்லை. அதற்குப் பிறகுதான் போனார். அவரை மட்டும் விட்டுவிடுகிறீர்களே! வெள்ளைக்காரன் எழுதினால் வேறு சட்டமா?

தொண்டிக்காரன்:
பார்க்கவில்லை, சரி. ஆனால் நூலகத்தில் உட்கார்ந்து வரைபடங்களைக் கரைத்துக் குடித்துவிட்டு எழுதினார். எருசலேம் கோவில் வாசலில் அவர் கப்பலைக் கட்டவில்லை. உங்கள் ஆசிரியருக்கு ஓரியூர் எத்தனை மணி நேரப் பயணம்? ஒரு நடை போய்விட்டு வந்திருக்கலாமே!

வேர்க்காட்டு வாசகி:
பென்ஹரை நான் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கிறது, அவர் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருக்கிறார். தேர்ப் பந்தயம் வந்ததும் வலை ஊசி அப்படியே நின்றுவிட்டது. “அந்தச் சக்கரம் கழன்றதா இல்லையா, சொல்” என்றார். 61 நாள் தடையில் அவர் என்னிடம் கேட்ட மிக நீளமான கேள்வி அதுதான். இப்படி ஒரு புத்தகத்தைக் கையில் கொடுப்பதில் இருக்கும் சந்தோஷம், பிழை பொறுக்குகிறவர்களுக்கு எங்கே புரியப் போகிறது?

பழைய உபதேசியார்:
தம்பிக்குத் தமிழ் இலக்கியம் தெரியாது என்று நினைக்கிறேன். வீரமாமுனிவர் 1726இல் தேம்பாவணி பாடினார், 3,615 பாடல்கள். யூதேயா நாட்டை வருணிக்கும்போது தமிழ்நாட்டு மருத நிலத்தையே கொண்டுபோய் வைத்திருக்கிறார். வயலும் வாளையும் தாமரையும்! பாலைவனத்துக்குப் பக்கத்தில் நெல் விளைவித்த மகானுக்கு விழா எடுக்கிறோம். ஓரியூரில் ஒரு அலை அடித்ததற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

தொண்டிக்காரன்:
ஐயா, அது காப்பியம். நாட்டு வளம் பாடுவது மரபு. இது நாவல். பின்னட்டையில் “வரலாற்று நாவல்” என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. காப்பியத்தில் வாளை துள்ளலாம். வரலாற்று நாவலில் கடல் துள்ளக்கூடாது.

வசனமே விளக்கு:
சகோதரர்களே, இந்தக் கட்டுக்கதைகளெல்லாம் எதற்கு? வேதம் போதாதா? குவோ வாடிஸ் நாவலில் பேதுரு ரோமைவிட்டு ஓடும்போது வழியில் ஆண்டவரைச் சந்திக்கிறாராம். வேதத்தில் எங்கே இருக்கிறது? காட்டுங்கள்.

வேர்க்காட்டு வாசகி:
வேதத்தில் இல்லைதான். பழைய மரபுக்கதையிலிருந்து எடுத்தது. ஆண்டவரே கதை சொல்லித்தானே போதித்தார்? நல்ல சமாரியனுக்குப் பெயர் உண்டா, ஊர் உண்டா? கதவு எண் கேட்பீர்களா?

தொண்டிக்காரன்:
பெயர் இல்லை. ஆனால் அந்தக் கதையில் அடிபட்டவன் எருசலேமிலிருந்து எரிகோவுக்கு “இறங்கிப்” போனான் என்று இருக்கிறது. எரிகோ பள்ளத்தில்தான் கிடக்கிறது. ஆண்டவருக்குப் புவியியல் தெரியும். உங்கள் நாவலாசிரியருக்குத்தான் தெரியவில்லை.

கீழக்கரை ஆசிரியர்:
நான் முஸ்லிம். இருந்தாலும் ஒரு பரிந்துரை. சி. எஸ். லூயிஸ் 1942இல் வெளியிட்ட ஸ்க்ரூடேப் கடிதங்கள். அனுபவம் மிக்க ஒரு சாத்தான், பயிற்சியில் இருக்கும் தன் மருமகனுக்கு எழுதும் கடிதங்கள். மனிதனைக் கெடுக்கப் பெரிய பாவமெல்லாம் வேண்டாம், சின்னச் சின்ன எரிச்சல்களே போதும் என்று சொல்லிக்கொடுப்பான். இரண்டு கடிதம் படித்ததும் என் வீட்டுச் சண்டைகள் ஞாபகத்துக்கு வந்து சிரித்துவிட்டேன். மதம் பார்க்காமல் எவரும் படிக்கலாம்.

தொண்டிக்காரன்:
நன்றி ஐயா. அதிலும் ஓரியூர் வருகிறதா?

பாம்பன் காற்று:
ஓரியூரில் மணல் இருக்கிறதே, அண்ணன்! அந்தச் செம்மணலை நாம் எல்லோரும் பக்தியோடு எடுத்துவந்து வீட்டில் வைத்திருக்கிறோம். மணல் இருந்தால் ஒரு காலத்தில் கடலும் இருந்திருக்கலாம் அல்லவா?

தொண்டிக்காரன்:
வைகையிலும்தான் மணல் கிடக்கிறது. மதுரையில் எந்தக் காலத்தில் மீன்பிடித் துறைமுகம் இருந்தது? புனிதரின் இரத்தம் பட்டுச் சிவந்த மண் என்று நம் பாட்டிமார்கள் சொன்னார்கள். கடல் உப்புப் பட்டுச் சிவந்தது என்று எந்தப் பாட்டியும் சொல்லவில்லை.

பழைய உபதேசியார்:
பிரதாப முதலியார் சரித்திரம் 1879இல் வெளிவந்தது. தமிழின் முதல் நாவலை எழுதிய வேதநாயகம் பிள்ளை கத்தோலிக்கர். அதைப் பட்டியலில் சேர்க்காதது ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கிருஷ்ண பிள்ளையின் இரட்சணிய யாத்திரிகக் காப்பியத்தையும் காணோம். என்ன தலைமுறையோ!

வேர்க்காட்டு வாசகி:
உபதேசியார் ஐயா, அடுத்த பட்டியலில் சேர்க்கிறேன். அண்ணனின் கோபம் எங்கிருந்து வருகிறது என்பது ஊருக்கே தெரியும். போன திருவிழா நாடகத்தில் அவருக்கு இராமநாதபுரம் மன்னர் சேதுபதி வேடம் கொடுக்கவில்லை. நாடகத்துக்கு இந்த நாவலைத்தான் எடுத்துக்கொண்டோம். அன்றிலிருந்தே புத்தகத்தின்மேல் கண்.

தொண்டிக்காரன்:
வேடம் கொடுத்தார்கள். நான்தான் மறுத்தேன். மேடைக்குப் பின்னால் நீலத் துணியைக் கட்டி நாலு பையன்கள் ஆட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த அலைக்கு முன்னால் நின்று வசனம் பேச எனக்கு மானம் இடம் கொடுக்கவில்லை.

பாம்பன் காற்று:
அந்த நாலு பையன்களில் ஒருவன் என் மகன். இரண்டு மணி நேரம் கை வலிக்க ஆட்டினான். அவனைப் பற்றிப் பேசவேண்டாம்.

தொண்டிக்காரன்:
பையன் நன்றாகத்தான் ஆட்டினான். ஆற்றுக்கு ஆட்டியிருக்கவேண்டும்.

வேர்க்காட்டு வாசகி:
அது இருக்கட்டும். பங்கு நூலகத்தில் அந்த நாவலுக்கு இருப்பது ஒரே ஒரு பிரதி. பொங்கலுக்கு முன்பிருந்தே அது அண்ணன் வீட்டில் இருக்கிறது. என் பட்டியலைப் பார்த்துவிட்டு ஆறு பேர் கேட்டுவிட்டார்கள். எப்போது வரும்?

தொண்டிக்காரன்:
ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வரும்போது கொண்டுவருகிறேன். கடல் வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் அடித்து ஆறு என்று எழுதிக்கொண்டிருக்கிறேன். இன்னும் நாலு பக்கம் பாக்கி.

வேர்க்காட்டு வாசகி:
பொதுப் புத்தகத்தில் எழுதினால் அபராதம், தெரியுமல்லவா?

தொண்டிக்காரன்:
ரசீது போட்டுக் கொடுங்கள், கட்டிவிடுகிறேன். எதற்கு அபராதம் என்ற இடத்தில் “ஓரியூரில் கடல் இல்லை என்றதற்கு” என்று எழுதுங்கள்.