பிளாக்பெர்ரி கீ2-வை நம்பி வெளிநாட்டு வணிகப் பயணம் போகலாமா?

கேள்வி: கரூர் தறி

அனைவருக்கும் வணக்கம். மேசை விரிப்பு, சமையலறைத் துண்டு, திரைச்சீலை ஆகியவற்றைத் தைத்து ஏற்றுமதி செய்யும் சிறிய நிறுவனம் எங்களுடையது. வரும் ஜனவரியில் பிராங்க்பர்ட் நகரில் நடக்கும் ஹைம்டெக்ஸ்டில் கண்காட்சிக்குப் போய்விட்டு, அதைத் தொடர்ந்து மெல்போர்னில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரையும் சந்தித்து வர வேண்டியிருக்கிறது. என்னிடம் இருப்பது 2018இல் வெளிவந்த, திரைக்குக் கீழே எழுத்து விசைகள் உள்ள பிளாக்பெர்ரி கீ2 போன். புதிய போன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று வீட்டிலும் அலுவலகத்திலும் சொல்கிறார்கள்.

இதை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் பழைய பாசம் அன்று. கண்காட்சி அரங்கில் வாங்குபவர் ஒரு துணி மாதிரியைக் கையில் எடுத்து விலை கேட்கும்போது, அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். அதே நேரத்தில் டிசைன் எண், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிராம், நிறம், கேட்ட விலை, சொன்ன விலை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளவும் வேண்டும். கீ2-வில் ஆல்ட் விசையை அழுத்திவிட்டால் டபிள்யூ, இ, ஆர் என்ற மூன்று விசைகளும் 1, 2, 3 ஆகிவிடும். அவற்றின் கீழே 4, 5, 6. அதற்கும் கீழே 7, 8, 9. வரிசைகளுக்கு நடுவே ஓடும் மேடான கோடு விரலுக்குத் தட்டுப்படுவதால், குனிந்து பார்க்காமலேயே எழுதிவிட முடிகிறது. கண்ணாடித் திரையில் தட்டும்போது கண் திரையை விட்டு நகர முடிவதில்லை. போதாக்குறைக்கு டிசைன் எண்ணை அது தானாகவே வேறு சொல்லாகத் திருத்தியும் விடுகிறது.

இந்த போனை நம்பி ஜெர்மனிக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகலாமா? வங்கி ஓடிபி, வாட்ஸ்அப், அலுவலக மின்னஞ்சல் மூன்றும் தடையின்றி நடக்க வேண்டும்.

பதில் 1: அலைவரிசை, சென்னை

ஐயா, முதலில் ஒரு பொதுவான குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். 2022 ஜனவரி 4 அன்று பிளாக்பெர்ரி போன்களின் சேவை நிறுத்தப்பட்டது என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அது பிளாக்பெர்ரி 7.1 வரையிலான பழைய இயங்குதளத்துக்கும் பிளாக்பெர்ரி 10-க்கும் உரிய செய்தி. அதாவது போல்ட், கிளாசிக், பாஸ்போர்ட் போன்றவற்றுக்கு. உங்கள் கீ2 ஆண்ட்ராய்டில் இயங்குவதால் அந்த நிறுத்தத்தால் அது முடங்கவில்லை.

உங்கள் பயணத்தைப் பொறுத்தவரை இரண்டு நாடுகளும் முற்றிலும் வேறுபட்டவை. ஜெர்மனியில் 3ஜி 2021இலேயே நிறுத்தப்பட்டுவிட்டது, ஆனால் 2ஜி இன்னும் இருக்கிறது. ஆகவே 4ஜி அலைவரிசையிலேயே குரலைக் கொண்டுசெல்லும் வோல்ட்இ வசதி உங்கள் போனுக்குக் கிடைக்காவிட்டாலும், அழைப்பு வரும்போது அது 2ஜி-க்கு இறங்கி வேலை செய்துவிடும். அழைப்பு நடக்கும் நேரத்தில் மட்டும் நெட் நின்றுபோகலாம். ஆஸ்திரேலியாவில் இறங்குவதற்கு 2ஜி-யும் இல்லை, 3ஜி-யும் இல்லை. அங்கே அழைப்பு வேண்டுமானால் வோல்ட்இ இருந்தே ஆக வேண்டும். ரோமிங்கில் போகிறவருக்கு அது கிடைப்பது போனையும், உங்கள் இந்திய நிறுவனம் அங்குள்ள நிறுவனத்தோடு செய்துகொண்டுள்ள ஏற்பாட்டையும் பொறுத்தது. கீ2-வில் வோல்ட்இ வசதி உண்டு என்றாலும், எந்தெந்த நிறுவனங்களின் வலையமைப்பில் அது இயங்கும் என்பது போனின் மென்பொருளில் அன்று எழுதப்பட்டதோடு நின்றுவிட்டது. அதைப் புதுப்பித்துத் தர இன்று யாரும் இல்லை.

இன்னொன்றையும் பார்த்துக்கொள்ளுங்கள். கீ2 பல நாடுகளுக்கெனப் பல வகைகளாக வந்தது. மாடல் எண்ணின் கடைசி இலக்கம் மாறினால் அது பிடிக்கும் 4ஜி அலைவரிசைகளும் மாறும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்த பழைய போன் என்றால் இதைச் சரிபார்க்காமல் கிளம்ப வேண்டாம்.

பதில் 2: யாரா நதிக்கரை

மெல்போர்னில் வசிப்பவன் என்ற முறையில் மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இங்கே டெல்ஸ்ட்ரா, ஆப்டஸ் இரண்டும் 2024 அக்டோபர் 28 முதல் 3ஜி-யை மூடத் தொடங்கின. வோடபோன் அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே மூடிவிட்டது. அதோடு, 000 என்ற அவசர எண்ணை அழைக்க முடியாத போன்களுக்குத் தங்கள் இணைப்பையே தரக்கூடாது என்று தொலைபேசி நிறுவனங்களுக்கு விதியும் வந்துவிட்டது. சாதாரண அழைப்புக்கு வோல்ட்இ-யையும் அவசர அழைப்புக்கு மட்டும் 3ஜி-யையும் நம்பி வடிவமைக்கப்பட்ட 4ஜி போன்கள் பல இதில் அடிபட்டுப் போயின. எனவே விமான நிலையத்தில் இறங்கியதும் உள்ளூர் சிம் ஒன்றை வாங்கி கீ2-வில் போட்டுக்கொள்ளலாம் என்ற எண்ணத்தோடு வராதீர்கள்; டேட்டா உட்பட எல்லாமே தடுக்கப்பட்டுவிடக்கூடும். ஊருக்குப் புதியவர் கையில் ஆம்புலன்ஸைக் கூப்பிடக்கூடிய போன் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும் என்பதையும் அக்கறையோடு சொல்கிறேன்.

பதில் 3: கோவை சிஸ்டம் அட்மின்

வலையமைப்பைப் பற்றி மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறோம். எனக்குப் பெரிய கவலை பாதுகாப்புதான். கீ2 ஆண்ட்ராய்டு 8.1-ஓடு வந்தது, அதைத் தாண்டி ஒரு படிகூட ஏறவில்லை. அதைத் தயாரித்த டிசிஎல் நிறுவனத்தின் உரிமம் 2020 ஆகஸ்டோடு முடிந்தது; ஆதரவு தருவதாக அது சொன்ன காலமும் 2022 ஆகஸ்டோடு முடிந்துபோனது. அதற்குப் பின் கண்டுபிடிக்கப்பட்ட ஓட்டைகள் எல்லாம் அந்த போனில் திறந்தே கிடக்கின்றன. பெயர் பிளாக்பெர்ரி என்பதால் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை இன்று பொருந்தாது. பாதுகாப்பு என்பது பெயரில் இல்லை, மாதந்தோறும் வரும் திருத்தங்களில்தான் இருக்கிறது.

விலைப்பட்டியலும், வாங்குபவர்களின் வங்கி விவரங்களும், கப்பல் ஆவணங்களும் உள்ள மின்னஞ்சல் பெட்டியை அந்த போனில் திறந்து வைப்பதை நான் ஏற்கமாட்டேன். ஏற்றுமதியாளரின் மின்னஞ்சலுக்குள் நுழைந்து, பணம் அனுப்ப வேண்டிய கணக்கு எண்ணை மட்டும் மாற்றி வாங்குபவருக்கு அனுப்பும் மோசடி நம் பகுதியில் பலர் கேள்விப்பட்டதுதான். வங்கிச் செயலியும் ஓடிபி வரும் சிம்மும் அதில் இருக்கவே கூடாது.

பதில் 4: தேரா பழைய வாசி

தம்பி சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அந்த போனை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்ற முடிவுக்கு நான் வரமாட்டேன். துபாயில் சரக்குத் தொழில் செய்த காலத்தில் போல்ட் 9900-ஐ நம்பி நாடு நாடாகப் போனவன் நான். அன்று மின்னஞ்சல் முழுவதும் கனடாவைச் சேர்ந்த பிளாக்பெர்ரி நிறுவனத்தின் சர்வர் வழியாகச் சுருக்கப்பட்டு வந்ததால் ரோமிங்கில் டேட்டா மிகக் குறைவாகவே செலவானது. அதுவே அந்த போனின் பலம். 2011 அக்டோபரில் இங்கிலாந்தின் ஸ்லவ் நகரில் இருந்த அவர்களுடைய ஒரு முக்கியக் கருவி பழுதானபோது ஐரோப்பாவிலும் வளைகுடாவிலும் இந்தியாவிலும் நாள்கணக்கில் மின்னஞ்சல் நின்றது. ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கட்டிவைப்பதில் உள்ள ஆபத்தை அந்த வாரம் எங்களுக்கெல்லாம் காட்டிவிட்டது.

ஆகவே பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். இ-சிம் (அட்டை போடாமலேயே இணைப்பைப் பதிவிறக்கிக்கொள்ளும் சிம்) வசதியுள்ள நடுத்தர விலைப் புதிய போன் ஒன்றை வாங்கி, இந்திய சிம், ஓடிபி, வங்கி, வாட்ஸ்அப் அனைத்தையும் அதற்கு மாற்றுங்கள். இந்திய சிம்முக்கு ரோமிங்கை ஊரிலேயே இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். இறங்கிய பிறகு இயக்க முயன்றால் அதற்கான உறுதிக் குறுஞ்செய்தியே வந்து சேராமல் போகலாம். பிறகு கீ2-விலிருந்து சிம்மை எடுத்துவிட்டு, புதிய போனின் ஹாட்ஸ்பாட்டில் அதை இணைத்துக்கொள்ளுங்கள். அப்போது எந்த நாட்டில் எந்த ஜி மூடப்பட்டிருந்தாலும் கீ2-வுக்குக் கவலை இல்லை.

வாட்ஸ்அப்பில் ஒரு கணக்கை முதன்மை போன் தவிர நான்கு கருவிகளில் இணைக்கலாம். கீ2-வை அப்படி ஒரு துணைக் கருவியாக இணைத்தால் வாங்குபவருக்கு நீண்ட பதில்களை அதிலேயே எழுதலாம். முதன்மை போனை 14 நாட்களுக்கு மேல் தொடாமல் விட்டால்தான் இணைப்பு அறுந்துபோகும்.

பேட்டரியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. கீ2-வின் பேட்டரியை நாமே கழற்ற முடியாது. இத்தனை ஆண்டு பழையது உப்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு. மேசைக் கண்ணாடியின்மேல் போனை மல்லாக்க வைத்து ஒரு மூலையை மெல்ல அழுத்திப் பாருங்கள். ஆடினாலோ, திரையின் ஓரம் சட்டத்தை விட்டு ஒரு நூல் அளவு எழும்பியிருந்தாலோ, அதை விமானத்தில் ஏற்ற வேண்டாம். நல்ல நிலையில் இருந்தால் கூடவே ஒரு பவர்பேங்க் எடுத்துக்கொள்ளுங்கள். 20,000 மில்லி ஆம்பியர்மணி என்றால் ஏறத்தாழ 74 வாட்மணி. 100 வாட்மணி வரை கைப்பையில் கொண்டுபோகலாம், செக்-இன் பெட்டியில் வைக்கக் கூடாது.

கரூர் தறி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. புதிய போன் வாங்க முடிவு செய்துவிட்டேன். கோவை நண்பரிடம் ஒரே ஒரு ஐயம்: அரங்கில் குறித்துக்கொள்ளும் குறிப்புகளை அன்று மாலையே அலுவலகத்துக்கு அனுப்பினால்தான் இங்கே மாதிரித் துணிக்கு நூல் ஏற்ற முடியும். முதன்மை மின்னஞ்சலை கீ2-வில் திறக்காமல் அதை எப்படிச் செய்வது?

கோவை சிஸ்டம் அட்மின்

அந்தத் தேவைக்கு வழி இருக்கிறது, ஐயா. இந்தக் கண்காட்சிக்கென்றே தனியாக ஒரு மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கி, அதை மட்டும் கீ2-வில் போடுங்கள். அதற்கு வரும் அஞ்சல் தானாகவே அலுவலகத்துக்குப் போகும்படி அமையுங்கள். அலுவலகத்திலிருந்து அதற்கு எதுவும் வரவேண்டாம். நீங்கள் எழுதும் குறிப்பு உங்களுக்கே ஓர் அஞ்சலாகப் போனால் போதும், நூல் ஏற்றுகிறவர்கள் இங்கே பார்த்துக்கொள்வார்கள். அந்தக் கணக்கின் கடவுச்சொல் வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும். மீட்பு எண்ணாகப் புதிய போனின் எண்ணைக் கொடுங்கள். பழைய கணக்குகள் எல்லாம் போவதற்காக கீ2-வை ஒருமுறை முழுவதும் அழித்துவிட்டு, தேவையான இரண்டு மூன்று செயலிகளை மட்டும் மீண்டும் நிறுவுங்கள். அரங்கின் பொது வைஃபையில் அதை இணைக்க வேண்டாம், உங்கள் ஹாட்ஸ்பாட் போதும். திரும்பி வந்ததும் அந்தக் கணக்கை மூடிவிடலாம்.

இவற்றை டிசம்பரிலேயே செய்து, ஒரு வாரம் கரூரிலேயே இரண்டு போன்களையும் இப்படியே வைத்துப் பழகிவிட்டுக் கிளம்புங்கள்.