13 வயசுக்குட்பட்ட மட்ச்சில கோச் கிரவுண்டுக்குள்ள வந்தா அம்பயர் என்ன செய்யிறது?

உப்புவெளியான்:
எல்லாருக்கும் வணக்கம். திருகோணமலையில சின்னப் பெடியளின்ர மட்ச்சுகளுக்கு அம்பயரா நிக்கிறனான். அண்மையில ஒரு மட்ச், மெற்றிங் விக்கெட், கச்சான் காத்து மண்ணை அள்ளி முகத்தில அடிக்குது, ஒரு சின்னவன் போட்ட பந்து ரெண்டு தரம் குத்திப் போச்சு, நோ போல் குடுத்தன். உடன அவையின்ர கோச் கோட்டுக்கு உள்ள வந்து ரெண்டு தரம் குத்தலாம், அதுக்கு மேல குத்தினாத்தான் நோ போல் எண்டு கத்துறார். அது பழைய விதி, 2017ல மாத்தியாச்சு, இப்ப ஒரு தரத்துக்கு மேல குத்தினாலே நோ போல். சொன்னன், கேக்கேல்ல.

பிறகு அவையின்ர பற்றிங். ஒரு கட்ச், பந்து மேல நிக்கேக்க ரெண்டு பெடியளும் குறொஸ் பண்ணிட்டாங்கள். குறொஸ் பண்ணினாலும் புதுசா வாறவன்தான் அடிக்க வேணும் எண்டன், 2022 ஒக்டோபர்ல இருந்து அதுதானே விதி, ஓவர் முடிஞ்சாத்தான் வேற கதை. திரும்ப உள்ள வந்திட்டார். "வெளியில வாங்கடா ரெண்டு பேரும், அர்ஜுன அடிலெயிட்டில செய்யேல்லையோ" எண்டு கூப்பிடுறார். மற்றப் பக்கம் நிண்டவன்தான் கப்டன், பன்ரெண்டு வயசிருக்கும், பற்றைப் பிடிச்சுக்கொண்டு என்ர முகத்தையும் கோச்சின்ர முகத்தையும் மாறி மாறிப் பாக்கிறான், அழுகை வருது அவனுக்கு. கடைசியில பொறுப்பாசிரியர் வந்து கதைச்சு மட்ச் தொடர்ந்தது. கப்டனோட கதைக்கத்தான் விதி சொல்லுது, ஆனா கத்துறது கோச். அவருக்கு மேல எனக்கு என்ன அதிகாரம் இருக்கு?

தம்பலகாமம் சேர்:
தம்பி, ரெண்டு தீர்ப்பும் சரி. போட்டிக்கெண்டு தனியா விதி போட்டிருந்தாங்களோ எண்டு மட்டும் பாருங்கோ, சின்ன ஆக்களுக்குச் சில இடத்தில மாத்தி வைப்பினம்.

கிரிக்கெட் விதியில மைதானத்துக்குள்ள பொறுப்பு கப்டனுக்குத்தான். 42ஆம் விதி நடத்தையைப் பற்றினது, முதல் நிலைக் குற்றம் எண்டா எச்சரிக்கை, அதே அணி திரும்பச் செய்தா மற்ற அணிக்கு 5 ரன், இப்பிடி நாலு நிலை இருக்கு, ஆனா அதெல்லாம் விளையாடுற ஆக்களுக்கு. கோச் கத்தினதுக்குப் பெடியளுக்கு எதிரா 5 ரன் குடுக்காதேங்கோ, அது அநியாயம். வெளியில கூப்பிட்டா 16ஆம் விதி வரும். ரெண்டு அம்பயரும் சேந்து காரணத்தை விசாரிக்க வேணும், விளையாட மறுக்கிறாங்கள் எண்டு முடிவெடுத்தா கப்டனுக்கு அறிவிக்க வேணும், பிறகும் வராட்டி மட்ச் மற்ற அணிக்கு. 2006ல ஓவல்ல பாகிஸ்தானுக்கு அதுதான் நடந்தது. ஆனா 12 வயசுப் பிள்ளைக்கு முன்னால அதைச் சொல்லேக்க, பொறுப்பாசிரியரையும் கூப்பிட்டு வைச்சுத்தான் சொல்ல வேணும்.

அர்ஜுன கதையை இதுக்குள்ள கொண்டு வாறது எனக்குக் கோபம். 1999ல முரளியின்ர பந்தை அம்பயர் எமர்சன் நோ போல் எண்டு சொன்னவர், தன்ர போலருக்காக இலங்கைக் கப்டன் அர்ஜுன எழும்பி நிண்டவர். எல்லைக்கோட்டடி வரைக்கும் போய்த் திரும்பி வந்து ஆடி ஒரு விக்கெட்டால வெண்டவங்கள். அங்க ஒரு கோச் சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு வெளியில எடுக்கேல்ல.

கிண்ணியா கோச்:
நான் கோச், அந்தப் பக்கத்துக் கதையும் சொல்றன். கிரவுண்டுக்குள்ள போனது பிழை, அதுல பேச்சில்ல. ஆனா சேர், எங்கட பக்கம் கனபேர் தாங்க விளையாடின காலத்து விதியத்தான் புள்ளைகளுக்கும் பழக்குறாங்க, 2017ல மாறினது, 2022ல மாறினது ஒண்டும் காதுக்கு எட்டல்ல. டொஸ்ஸுக்கு முதல் ரெண்டு கோச்சையும் கூப்பிட்டு, ரெண்டு குத்து நோ போல், கட்ச்சுக்குப் புது ஆள்தான் அடிக்கணும், குத்தாம நேரா இடுப்புக்கு மேல வந்தா நோ போல் என்டு மூணு விசயம் சொல்லிட்டா பாதிச் சண்டை அங்கயே முடிஞ்சிரும். அம்பயர் விளக்கம் சொல்லாம கையக் காட்டிட்டுத் திரும்பிக்கிறதும் நடக்குது, அப்பதான் கோச்மாருக்கு ஏறுது.

ஸ்காபரோவிலிருந்து:
நான் திருகோணமலை ஓர்ஸ்ஹில்லில வளந்தவன், இப்ப இங்க கனடாவில சின்னப் பிள்ளையளின்ர பேஸ்போலுக்கு அம்பயரா நிக்கிறன். இங்க கோச்சுக்கு விதியிலயே இடம் இருக்கு, அதால அவரைக் கட்டவும் ஏலும். 8.02 எண்டு ஒரு விதி. பந்து அடிக்கக்கூடிய இடத்தால வந்த ஸ்ட்ரைக்கோ, விலகி வந்த போலோ, ஓடினவன் சேஃபோ அவுட்டோ, இதெல்லாம் அம்பயர் கண்ணால கண்டு சொன்னது, அதுதான் முடிவு. ஆனா விதியையே பிழையாப் பாவிச்சிட்டார் எண்டு சந்தேகம் வந்தா மனேஜர் அந்தத் தீர்ப்பைக் குடுத்த அம்பயரிட்டயே கேக்கலாம். ஸ்ட்ரைக்குக்குச் சண்டை பிடிக்க பெஞ்சை விட்டு வெளிக்கிட்டா எச்சரிக்கை, பிறகும் வந்தா வெளியேத்தலாம். லிட்டில் லீக்கில வெளியேத்தினா அடுத்த மட்ச்சுக்கும் வர ஏலாது, பாக்கக்கூட நிக்கப்படாது.

உங்கட கோச் கேட்ட ரெண்டும் விதிக் கேள்விதான். கேக்க அவருக்கு ஒரு வழி இருந்திருக்க வேணும், ஓவர் முடிய, கோட்டுக்கு வெளியில நிண்டு, கத்தாம. எல்பி குடுத்ததுக்கு வந்திருந்தா, அது கண்ணால கண்டு சொன்ன தீர்ப்பு, ஒரு வசனமும் கதைக்க விட்டிருக்கப்படாது.

ஒரு அம்மா:
என்ர மகனும் 13க்குட்பட்ட ரீமில விளையாடுறவன். கோச் கத்தின மட்ச் முடிஞ்சு வீட்ட வந்தா அவுட்டானதைப் பற்றிக் கதைக்க மாட்டான், "அம்பயர் கள்ளன்" எண்டுதான் சொல்லுவான். தயவு செய்து யாராவது இதை நிப்பாட்டுங்கோ.

உப்புவெளியான்:
எல்லாருக்கும் நன்றி. அடுத்த மட்ச் ஏகாம்பரம் மைதானத்தில. டொஸ்ஸுக்கு முதல் ரெண்டு கோச்சையும் பொறுப்பாசிரியர்மாரையும் கூப்பிட்டு அந்த மூண்டு விதியும் சொல்லப்போறன், விதி கேக்கிறதெண்டா ஓவர் முடியக் கேளுங்கோ, தீர்ப்புக் கேக்க வராதேங்கோ எண்டும் சொல்லப்போறன். சேர், ஒரு கேள்வி, ஸ்குவெயர் லெக்கில ரெண்டாவது அம்பயரா பற்றிங் ரீமின்ர ஆசிரியர்தான் நிப்பார், 16ஆம் விதிக்கு ரெண்டு அம்பயரும் ஒத்துக்கொள்ள வேணுமே, அவர் மாட்டன் எண்டா?

தம்பலகாமம் சேர்:
மட்ச்சைக் குடுக்க ஏலாது தம்பி. நிப்பாட்டிப்போட்டு ஏற்பாட்டாளரைக் கூப்பிடுங்கோ, நடந்ததை எழுதி அண்டைக்கே குடுங்கோ. ரெண்டாவது அம்பயரும் வெளி ஆளா இருக்க வேணும் எண்டு இப்பவே கேட்டு வையுங்கோ, மட்ச் அண்டு காலமை கேட்டா ஒருத்தரும் கிடையாது.