ஆயா முகம் அச்சு அசலாக வந்திருக்கிறது, உயிர்தான் இல்லை – அவசரம்

பாலாற்றங்கரை:
எல்லாருக்கும் வணக்கம். எங்கள் ஆயா (பாட்டி) படம் வரைந்துகொண்டிருக்கிறேன். கண், மூக்கு, வாய் எல்லாம் அளவு சரி. ஆனால் முகத்தில் உயிரே இல்லை. அம்மா பார்த்துவிட்டு "ரேஷன் கார்டு போட்டோ மாதிரி இருக்குது" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆயாவுக்கு எண்பதாவது பிறந்த நாள், அதற்குள் ஃப்ரேம் போட வேண்டும். எதைச் சரி செய்தால் உயிர் வரும்? சீக்கிரம் சொல்லுங்கள்.

ஆம்பூர்_வாசி:
படத்தை இணைக்காமல் எப்படிச் சொல்வது? பென்சிலா, வாட்டர்கலரா?

ஆறு_பி:
எந்தப் பேப்பர், என்ன அளவு? போட்டோ பார்த்து வரைகிறீர்களா? போட்டோ என்றால் யார் எடுத்தது, எங்கிருந்து எடுத்தது?

பாலாற்றங்கரை:
பென்சில். ஏ3. போட்டோ பார்த்து, அதன் மேலும் பேப்பரிலும் கட்டம் போட்டு, கட்டம் கட்டமாகப் பார்த்து வரைந்தேன். போனில் எடுத்ததுதான். வேலையில் இருக்கிறேன், படத்தை ராத்திரி போடுகிறேன்.

காட்பாடி_கரி:
பென்சிலை வைத்துவிட்டுச் சார்க்கோல் (வரைகிற கரிக்குச்சி) எடுங்கள். பென்சிலில் எத்தனை அழுத்தினாலும் ஒரு அளவுக்கு மேல் கருப்பு ஏறாது, வெளிச்சத்தில் பளபளக்கும். கண்குழியும் கழுத்து நிழலும் சாம்பலாகவே நின்றுவிடும். சார்க்கோலை பேப்பர் முழுக்கத் தேய்த்து நடுத்தரச் சாம்பலாக்குங்கள். நெற்றி, மூக்குத்தண்டு, கன்னமேடு இவற்றை ரப்பரால் துடைத்து வெளிச்சமாக எடுங்கள். இருட்டிலிருந்து முகம் தானாக எழுந்து வரும்.

சத்துவாச்சாரி_அக்கா:
கருவியை மாற்றினால் உயிர் வந்துவிடுமா? கண்ணைப் பாருங்கள், அதுவும் கீழ் இமையை. மனம் விட்டுச் சிரிக்கும்போது கண்ணைச் சுற்றியிருக்கும் தசை இறுகி, கன்னம் மேலே ஏறி, கீழ் இமையைத் தள்ளும். போட்டோவுக்காகச் சிரிக்கும்போது பெரும்பாலும் வாய் மட்டும்தான் விரியும். பிரான்ஸில் டூஷேன் என்ற மருத்துவர் 1862-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். போட்டோவில் ஆயா கண் எப்படி இருக்கிறது?

வாலாஜா_தூரிகை:
தம்பி, இந்தக் கேள்வியை மாதம் ஒருவர் கேட்கிறீர்கள், யாரும் பழைய இழைகளைப் படிப்பதில்லை. மண்டையோட்டையும் தாடை எலும்பையும் பார்க்காமலே வரைந்தால் மேல்தோல்தான் வரும். ஒரு வருடம் எலும்பையும் தசையையும் வரையுங்கள், அப்புறம் ஆயாவிடம் வாருங்கள். கட்டம் போட்டு வரைவது ஓவியமே இல்லை, நகல்.

பாலாற்றங்கரை:
தம்பி இல்லை சார், தங்கை. ஞாயிறு வரைக்கும்தான் நேரம்.

குடியாத்தம்_நெசவு:
வாலாஜா சார், கட்டத்தைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் மாமா பேனர் ஆர்ட்டிஸ்ட். சாக்பீஸ் பொடி தடவிய நூலை இழுத்து அடித்து, சுவர் அகலத்துக்குக் கட்டம் போட்டு, சாரத்தில் நின்றுகொண்டு முகம் வரைவார். பக்கத்தில் போனால் வெறும் பெயிண்ட் திட்டு. எதிர்ச்சாரியில் நின்று பார்த்தால் கோபம் கோபமாகவே தெரியும். அது நகலா?

வாலாஜா_தூரிகை:
பேனர் வேறு, போர்ட்ரெயிட் வேறு.

குடியாத்தம்_நெசவு:
எப்படி வேறு? முகம்தானே? ஜெர்மனியில் டியூரர் என்ற ஓவியர் 1525-லேயே கண்ணாடிச் சட்டத்தின் வழியாக எதிரில் இருப்பவரைப் பார்த்துக் கோடு போடும் கருவியை அச்சிட்டுக் காட்டியிருக்கிறார். அவரையும் நகல்காரர் என்பீர்களா? ஃப்ளெக்ஸ் வந்து அந்தத் தொழிலே போய்விட்டது, மிச்சமிருக்கும் மரியாதையையும் எடுக்காதீர்கள்.

ஆம்பூர்_வாசி:
ஃப்ளெக்ஸ் பிரச்சினைக்கு வேறு இழை திறக்கலாமே. அந்தப் பெண் ஞாயிற்றுக்கிழமைக்குக் கேட்கிறார்.

ஆறு_பி:
ஒன்று கேட்கணும், தவறாக நினைக்காதீர்கள். ஆயா இருக்கிறார்களா?

பாலாற்றங்கரை:
ஐயோ, இருக்கிறார்கள். வீட்டில்தான். திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். சும்மா உட்காரச் சொன்னால் உட்கார மாட்டார்கள். போன் எடுத்தால் உடனே புடவையைச் சரிசெய்துகொண்டு விறைப்பாகிவிடுவார்கள்.

ஆறு_பி:
அப்படியென்றால் சிக்கல் உங்கள் கையில் இல்லை, போட்டோவில் இருக்கிறது. கை எட்டும் தூரத்தில் போனை வைத்து எடுத்திருந்தால் மூக்கு பெருத்து, காது பின்னால் போயிருக்கும். ஃப்ளாஷ் போட்டிருந்தால் நிழலே இருக்காது. பியூட்டி மோடு ஓடியிருந்தால் சுருக்கத்தை வழித்து எடுத்திருக்கும். இத்தனைக்கும் மேல் அவர் விறைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த விறைப்பைத்தான் நீங்கள் கட்டம் கட்டமாகச் சரியாக வரைந்திருக்கிறீர்கள்.

உட்காரச் சொல்லாதீர்கள். சுற்றட்டும். நீங்கள் பக்கவாட்டில், ஜன்னலோ வாசலோ ஒரு பக்கம் வெளிச்சம் தருகிற இடமாகப் பார்த்து உட்காருங்கள். சுற்றுகிறவர் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்வார். இலையை நறுக்குவார், தூளை வைத்து உருட்டுவார், முனையை மடக்குவார். மடக்கும்போது கீழுதடு உள்ளே போகும், ஒரு புருவம் தாழும். அடுத்த பீடிக்கும் அதே முகம் வரும், அதனால் தவறவிட்டாலும் கவலையில்லை. முதலில் இரண்டு இரண்டு நிமிடத்தில் சின்னதாகக் கிறுக்குங்கள். ரப்பர் வேண்டாம். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், விவரம் மறைந்து கருப்பும் வெள்ளையும் மட்டும் நிற்கும். தலை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தத் தோள் இறங்கியிருக்கிறது என்பதை முதல் கோட்டிலேயே பிடியுங்கள்.

பெரிய பேப்பருக்கு வரும்போது எல்லா இடத்தையும் ஒரே அழுத்தத்தில் முடிக்காதீர்கள். உயிர் போவது பெரும்பாலும் இங்கேதான். ஜெர்மனியில் கேத்தே கோல்விட்ஸ் என்ற ஓவியர் 1933-ல் தன்னையே சார்க்கோலில் வரைந்தார், அவர் வரைந்துகொண்டிருப்பது போலவே. முகத்திலும் கையிலும் அத்தனை கவனம். நடுவில் இருக்கும் முழங்கையும் மேல்கையும் வேகமாக இழுத்த முரட்டுக் கிறுக்கல்தான். நம் ஓவியர் ஆதிமூலம் காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி வரைந்த கோட்டோவியங்களையும் தேடிப் பாருங்கள். எதை விட்டார் என்று பாருங்கள். ஆயாவுக்கு கண்ணும் உதடும் விரலும் போதும். புடவையை நாலு கோட்டில் விடுங்கள்.

சத்துவாச்சாரி_அக்கா:
இதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். இடது பாதியும் வலது பாதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று திருத்தாதீர்கள். வயதானவர்கள் முகத்தில் ஒரு கண் கொஞ்சம் இறங்கியிருக்கும், ஒரு பக்கச் சுருக்கம் ஆழமாக இருக்கும். அம்மா பார்த்ததும் அடையாளம் சொல்வது அதை வைத்துத்தான்.

வாலாஜா_தூரிகை:
ஆறு_பி சொன்னது சரி. ஆனாலும் எலும்பை விடாதீர்கள். கன்ன எலும்பு எங்கே திரும்புகிறது என்று தெரிந்தால்தான் நிழல் எங்கே தொடங்குகிறது என்று தெரியும். டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1630-ல் கண்ணாடி முன் நின்று வாயைப் பிளந்தும் விழித்தும் தன் முகத்தையே செப்புத் தகட்டில் கீறினார். அந்தத் தகட்டிலிருந்து எடுத்த சில அச்சுகள் 5 செ.மீ. உயரம்தான். நீங்களும் கண்ணாடி முன்னால் உதட்டை உள்ளே இழுத்துப் பாருங்கள், எந்தத் தசை எங்கே போகிறது என்று தெரியும்.

குடியாத்தம்_நெசவு:
கட்டம் பற்றி இன்னும் பதில் வரவில்லை சார்.

பாலாற்றங்கரை:
எல்லாருக்கும் நன்றி. பழையதை எடுத்து வைத்துவிட்டேன். திண்ணையில் உட்கார்ந்து புதிதாக, காட்பாடி அண்ணா சொன்ன சார்க்கோலில். குனிந்த முகம், கண் தெரியவே இல்லை, இமை மட்டும்தான். அம்மா பார்த்துவிட்டு "முனை மடக்குது பாரு" என்றார். ஃப்ரேம் கடைக்குப் போகிறேன்.

காட்பாடி_கரி:
நில்லுங்கள்! ஃபிக்சேட்டிவ் (கரி உதிராமல் பிடித்துவைக்கும் ஸ்ப்ரே) அடித்தீர்களா? அடிக்காமல் கொடுத்தால் கடைக்காரர் கை பட்டே கன்னம் கலைந்துவிடும். ஒரு முழம் தள்ளி நின்று லேசாக அடியுங்கள், காயவிட்டு இன்னொரு முறை. கண்ணாடி படத்தில் ஒட்டக்கூடாது, நடுவில் மவுண்ட் அட்டை வைக்கச் சொல்லுங்கள்.

ஆம்பூர்_வாசி:
படத்தை இன்னும் போடவே இல்லையே!