கீழ்லீக் கால்பந்தும் செயற்கைப் புல்லும்: இன்னும் உறுத்துற ஒரு கணத்தைச் சொல்லுங்க

மூலைக்கொடி

இங்கிலாந்து லீக்ல ஏழாம் அடுக்கு, ஜனவரி, 3ஜி மைதானம் (நீள இழைக்குள்ள மணலும் ரப்பர் துகளும் நிரப்பின செயற்கைப் புல்). கீப்பர் அடிச்ச நீளமான உதை எதிர் பெனால்டி பாக்ஸ் வளைவுக்குப் பக்கத்துல விழுந்துச்சு. வெளியூர் அணியோட ரெண்டு சென்டர் பேக்கும் புல்தரைக் கணக்குல நின்னாங்க. ஒரே குதி, ரெண்டு பேர் தலையையும் தாண்டிடுச்சு. ஸ்ட்ரைக்கருக்குக் காலி கோல். வெளியூர்க்காரங்க மொத்தமா "பிளாஸ்டிக்"னு கத்தினாங்க.

அந்தக் கத்தல்தான் இன்னும் உறுத்துது. தப்பு மைதானத்தோட ரகத்துல இல்ல, பராமரிப்புல. ஃபிஃபா குவாலிட்டி சோதனையில 2 மீட்டர் உயரத்துலேந்து பந்தை விட்டா 60 செ.மீ.லேந்து 1 மீட்டருக்குள்ள எழும்பணும். அதுக்கு மேலான குவாலிட்டி ப்ரோ தரத்துக்கு மேல்வரம்பு 85 செ.மீ. ஒழுங்கா வச்சிருக்கிற 3ஜி இந்த வரம்பைத் தாண்டாது. அந்த வளைவுப் பக்கம் ரப்பர் துகள் வத்திப்போய் இழையெல்லாம் படுத்துக் கிடந்துச்சு. துகள் குறைஞ்சா பந்து இறுகின மணல்லதான் மோதும். பிறகு எகிறாம என்ன செய்யும்?

பழைய ஓம்னி

மூலைக்கொடி சொல்வது இன்றைய 3ஜிக்குச் சரி. ஆனால் ரசிகர்கள் கத்துவது இன்றைய தரையைப் பார்த்து மட்டும் அல்ல. குயின்ஸ் பார்க் ரேஞ்சர்ஸ் கிளப் 1981இல் தன் லாஃப்டஸ் ரோடு மைதானத்தில் ஓம்னிடர்ஃப் என்ற அக்காலச் செயற்கைப் புல்லைப் போட்டது. பிறகு லூட்டன் (1985), ஓல்டம், பிரஸ்டன் (இரண்டும் 1986) கிளப்புகள். குட்டை இழை, மணல், அடியில் கெட்டித் தளம். கோல்கிக் ஒன்று தரையில் குத்தி எதிர்க் கீப்பரையே தாண்டிப் போகும் அளவுக்குத் துள்ளல். அந்தக் காலத்து ஒளிப்பதிவுகளில் என் கண் போய் நிற்பது பந்தில் அல்ல, கீப்பர்களின் கால்களில். நல்ல வெயிலிலும் முழுநீளக் கால்சட்டை. சறுக்கினால் முட்டித் தோல் போய்விடும்.

அந்தக் காலத் தரைகளில் பிரஸ்டனின் டீப்டேல் மைதானம்தான் கடைசி. 1994இல் அதையும் எடுத்தார்கள். கெட்ட பேர் மட்டும் தங்கிவிட்டது. இன்னொன்று: துள்ளலைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். மழை நாளில் 3ஜியின் சிக்கல் துள்ளல் அல்ல, வழுக்கு. நனைந்த இழையில் பந்து முதல் தொடுதலில் வேகம் குறையாமல் சறுக்கிப் போகும். ஃபுல்பேக்குகள் அதில்தான் ஏமாறுகிறார்கள்.

கிழக்கு டெரஸ்

கீழ்லீக் கிளப் சட்டன் யுனைடெட், அவங்க கேண்டர் கிரீன் லேன் 3ஜி மைதானம், பிப்ரவரி 2017, ஆர்சனலோட எஃப்.ஏ. கப் ஐந்தாம் சுற்று. அந்த மேட்சைப் பெஞ்சுல உட்கார்ந்து பை (pie) சாப்பிட்ட ரிசர்வ் கீப்பருக்காகத்தான் எல்லாரும் ஞாபகம் வச்சிருக்காங்க. எனக்கு சட்டன் ஆட்டக்காரர் ரோரி டீக்கன் தூரத்துலேந்து அடிச்ச பந்து கிராஸ்பாரில் பட்ட சத்தம்தான் ஞாபகம். 3ஜியில நிக்கிற பந்து மேட்டுல பள்ளத்துல உட்காராது, கால் முழுசா விழும். அதுவரைக்கும் முணுமுணுத்துட்டு இருந்த மைதானம் அந்த ஒரு அடியில எழுந்துச்சு. ஆட்டம் 0-2, அது வேற விஷயம்.

அதே தரையைத்தான் 2021இல் லீக் டூவுக்கு (நாலாம் அடுக்கு) ஏறினதும் கிழிச்சு எடுத்தாங்க. ரெண்டுலேந்து நாலாம் அடுக்கு வரைக்கும் நடத்துற இ.எஃப்.எல். அமைப்போட விதி: செயற்கைப் புல் கிடையாது. ஹாரோகேட் 2020இல் ஏறினப்போ புல் தயாராகலன்னு முதல் உள்ளூர் ஆட்டங்களை டான்காஸ்டர் மைதானத்துல ஆட வேண்டியதாச்சு. புரோம்லியும் 2024இல் மாத்தினாங்க. அடுக்கு ஏறுறதுக்குக் கிடைக்கிற பரிசு, வருமானம் தர்ற தரையைப் பறிகொடுக்கிறது! 3ஜியில வாரம் முழுக்க சாயங்காலம் குழந்தைங்க அணி, பெண்கள் அணி, வாடகைக்கு ஆடுறவங்கன்னு ஓடும். சனிக்கிழமை அந்தக் குழந்தைங்கதான் அப்பா அம்மாவை இழுத்துட்டு வேலியோரம் நிக்கிறாங்க. 3ஜி வந்தா உற்சாகம் செத்துடும்னு சொல்றவங்க இதை ஒருநாள் போய்ப் பார்க்கணும்.

ஸ்டட் எண்ணி

ஒரு விங்கர் வேகமா ஓடித் திரும்பினான், உடம்பு திரும்புச்சு, கால் திரும்பல. ஸ்ட்ரெச்சர் வந்துச்சு. பூட்டைக் கழட்டினப்போ அடியில நீளமான பிளேடு ஸ்டட் (கத்தி மாதிரித் தட்டையான பல்லு). அவ்வளவுதான் என் கதை.

கேட்காமலே சொல்றேன், ஆடுறவங்க இருந்தா கேளுங்க. எஃப்.ஜி. (firm ground) பூட்டு ஈரமில்லாத புல்லுக்கு. கம்மி ஸ்டட், நீளமா இருக்கும். அதைத் துகள் கம்மியான 3ஜியில போட்டா ஸ்டட் கார்ப்பெட்டோட அடிவரைக்கும் இறங்கிப் பூட்டிக்கும். செயற்கைப் புல்லுக்கான ஏ.ஜி. (artificial grass) பூட்டுல குட்டையான, வட்டமான ஸ்டட் நிறைய இருக்கும். எடை பரவும், கால் விடுபடும். எஸ்.ஜி., அதாவது இரும்பு ஸ்டட், பெரும்பாலான மைதானத்துல உள்ளேயே விடமாட்டாங்க, இழையை அறுத்துடும். ஃபிஃபா சோதனையிலேயே திருகு எதிர்ப்பு (கால் திரும்புறதைத் தரை தடுக்கிற விசை) 25லேந்து 50 நியூட்டன் மீட்டருக்குள்ள இருக்கணும், ப்ரோவுக்கு 30லேந்து 45. ஆனா அது சோதனைக் கருவியோட ஸ்டட் வச்சு எடுக்கிற அளவு, உங்க பிளேடுக்கு அது பொருந்தாது. ஏ.ஜி. இல்லன்னா பழைய, தேஞ்ச வட்ட ஸ்டட் பூட்டு புது பிளேடைவிட மேல். சறுக்கி விழுற ஆட்டக்காரன்னா முட்டியிலயும் இடுப்போரமும் வாசலின் தடவுங்க. சிராய்ச்சா முதல்ல துகளைத் தண்ணி விட்டுக் கழுவி எடுங்க, அப்புறம்தான் மருந்து. துகள் உள்ள இருக்கும்போதே மூடிக் கட்டினா சீழ் வைக்கும். ஆட்டம் முடிஞ்சு பூட்டை வேலிக்கு உள்ளேயே தட்டிட்டு வாங்க. ஆளுக்கு ஒரு பிடி துகள் கார் நிறுத்துற இடத்துக்குப் போகுது, சீசன் முடிவுல அது மூட்டைக் கணக்கு.

மூலைக்கொடி

பூட்டு பத்தி யாரும் கேட்கலையே பாஸ். 🙂 ஆனா கடைசி வரி சரி.

டார்ச்லைட்

உற்சாகம் பத்திப் பேசுறீங்க, ரசிகருங்க கொளுத்துற ஃபிளேர் (புகையோட எரியிற தீப்பந்தக் குழல்) பத்தி யாருமே வாய் திறக்கல. தொண்ணூறாவது நிமிஷம், சமன் செய்த கோல், வெளியூர் கூட்டத்துலேந்து சிவப்பு ஃபிளேர் ஒண்ணு பறந்து வந்து ஆறு யார்டு கோட்டுக்குப் பக்கத்துல விழுந்துச்சு. புல்தரைன்னா ஒரு கருகல் வட்டம், மண்ணைக் கிளறி விதை போட்டா முடிஞ்சது. இங்க 3ஜியில மைதானக் காவல் ஊழியர் மணல் வாளியோட ஓடி வர்றதுக்குள்ள இழை உருகிக் கறுப்புத் தட்டா இறுகிடுச்சு. இழை செய்யுற பாலிஎத்திலீன் 120 டிகிரி சுமாருக்கே உருகும். ஃபிளேர் ஆயிரம் டிகிரியைத் தாண்டி எரியும். பாடிட்டு இருந்த கூட்டம் சட்டுனு அமைதியாகி அந்தப் புகையையே பார்த்துட்டு நின்னுச்சு.

இதை ஒட்டுறது லேசுப்பட்ட வேலை இல்ல. முதல்ல கருகின துகளையும் மணலையும் வாரி எடுக்கணும், சுத்தி ஒரு அடி அகலத்துக்கு நல்ல துகளையும் தனியா எடுத்து வைக்கணும். பிறகு கருகலைச் சதுரமா வெட்டணும். வட்டமா வெட்டுனா ஒட்டுத்துண்டு விளிம்போட பொருந்தாது. கத்தி கார்ப்பெட் அடித்துணியோட நிக்கணும், கீழ இருக்கிற ஷாக்பேடை (அதிர்வு தாங்குற மெத்தை) கிழிச்சா அந்த இடம் எப்பவும் கல்லு மாதிரி இருக்கும். ஒட்டுத்துண்டு அதே சுருள்லேந்து வரணும். கிளப் மிச்சத்துண்டு வச்சிருக்கலைன்னா கோல் பின்னால இருக்கிற ஆடாத ஓரத்துலேந்து வெட்டி எடுத்து, அங்க புதுசு போடுவாங்க. அந்தத் துண்டு வெயில் மழையில ஒரே மாதிரி பழசாகியிருக்கும், நிறம் ஒத்துப்போகும். இழை சாயுற திசையைப் பார்க்காம ஒட்டுனா பந்து உருளும்போதே தெரியும். அடியில சீம் டேப் (இணைப்புப் பட்டை), ரெண்டு பாகக் கலவைப் பசை, மேல மணல்மூட்டை. குளிர்ல பசை இறுக நேரம் பிடிக்கும். அவசரப்பட்டு அன்னைக்கு சாயங்காலமே பயிற்சிக்கு விட்டா ஓரம் தூக்கிக்கும். கடைசிக் கட்டத்துல மணலை முதல்லயும் ரப்பரை அப்புறமும், மெல்லிய அடுக்கா தூவித் தூவிப் பிரஷ் போடணும். ஒரே தடவையா கொட்டுனா இழை புதைஞ்சுடும், திரும்ப எழும்பாது.

சிகரெட் துண்டுக்கும் இதே கதைதான், அளவு மட்டும் சின்னது.

வடக்குக் காத்து

ஸ்கொட்லாந்துப் பக்கத்தை ஒருத்தரும் கதைக்கேல்லை. மான்ட்ரோஸ் லிங்க்ஸ் பார்க், ஃபார்ஃபர் ஸ்டேஷன் பார்க், அலோவா ரெக்ரியேஷன் பார்க் எல்லாம் செயற்கைப் புல்தான். மேல் பிரிவான பிரீமியர்ஷிப் கிளப்புகள் 2026-27இலயிருந்து வேண்டாம் எண்டு 2024இல வாக்குப் போட்டவை; கீழ்ப் பிரிவுகளுக்கு அது பொருந்தாது.

செயற்கைப் புல் உறையாது எண்டு நினைச்சுத்தான் சனம் தூரத்தில இருந்து பஸ் பிடிச்சு வருது. ஒரு சனிக்கிழமை காலமை நடுவர் வந்து பெனால்டி பாக்ஸுக்குள்ள குதிக்காலால ஓங்கி மிதிச்சார். டொக் எண்டு சத்தம். வேலியோரம் நிண்ட எல்லாருக்கும் அந்தச் சத்தத்திலயே விளங்கிப்போச்சு, ஆட்டம் இல்லை. ஸ்டாண்டின்ர நிழல் விழுகிற பக்கம், துகளுக்குள்ள நிண்ட ஈரம் உறைஞ்சுபோச்சு. முதல்நாள் பின்னேரமே உப்புப் போட்டிருக்கோணும். அதுவும் ரோட்டுக்குப் போடுற பாறை உப்பு இல்லை. அதில இருக்கிற களிமண் வடிகாலை அடைச்சுப்போடும். தூளான சுத்த உப்புத்தான். பனி விழுந்தா இரும்பு அலகால வழிக்கக்கூடாது. ரப்பர் விளிம்பு போட்ட அலகை இழைநுனிக்கு மேல தூக்கிப் பிடிச்சு வழிக்கோணும், குவிச்ச பனி உருகினாப் பிறகு அதுக்குள்ள இருக்கிற துகளை அள்ளித் திருப்பிப் போடோணும்.

கிழக்கு டெரஸ் தம்பி, உற்சாகத்துக்கும் தரைக்கும் நீங்கள் முடிச்சுப் போடுறது எனக்குச் சரியாப் படேல்லை. இங்கிலாந்தில முதல் ஐஞ்சு அடுக்கில மைதானம் தெரியிற இடத்தில மது குடிக்க 1985ஆம் ஆண்டுச் சட்டம் விடாது. ஆறாம் அடுக்கில இருந்து பியர்க் கிளாஸோட கோட்டோரம் நிக்கலாம், ரெண்டு பக்க ரசிகர்களையும் பிரிச்சு வைக்காட்டி இடைவேளையில மேளத்தையும் தூக்கிக்கொண்டு மற்றக் கோலுக்குப் பின்னால போகலாம். அந்த ஆரவாரம் சட்டத்தால வாறது, கார்ப்பெட்டால இல்லை. ஸ்கொட்லாந்தில 1980 கோப்பை இறுதியாட்டக் கலவரத்துக்குப் பிறகு பியர் கிடையாது. சூப்பும் பையும்தான், அதோடயும் பாடுறவை பாடுகினம்.

கிழக்கு டெரஸ்

அண்ணே, முடிச்சுப் போடல. ஆட்டம் ரத்தாகாம நடந்தாத்தான் பாட ஆள் வரும்னு சொன்னேன். புல்தரையில மழை விடாம பெய்ஞ்சா டிசம்பர்லேந்து பிப்ரவரி வரைக்கும் சனிக்கிழமை ஆட்டமெல்லாம் செவ்வாய் ராத்திரிக்குப் போகும். செவ்வாய் ராத்திரி வெளியூர்லேந்து எத்தனை பேர் மேளத்தோட வருவாங்க? உறைபனிக் கதை ஒத்துக்கிறேன், ஆனா மழையில நிக்கிற ஆட்டத்தோட பார்த்தா அது ரொம்பக் கம்மி.

பழைய ஓம்னி

வடிகால் அடைத்துவிட்டால் 3ஜியிலும் தண்ணீர் தேங்கும். கார்ப்பெட் அடித்துணியின் ஓட்டைகளை இலைச்சருகும் இழைத்தூளும் மூடிவிடும். மரத்தடி மூலைகளில்தான் முதலில் தெரியும்.

மூலைக்கொடி

முதல் பதிவுக்கே திரும்பி வர்றேன், தனிச்செய்தியில ரெண்டு பேர் கேட்டாங்க. துகள் போதுமான்னு எப்படிப் பார்க்கிறது? ஆழமானி ஒண்ணு இருக்கு, மெல்லிய ஊசியும் தட்டும். பெனால்டி புள்ளி, ஆறு யார்டு, கார்னர், நடுப்புள்ளி, லைன்ஸ்மேன் ஓடுற ஓரம், இங்கெல்லாம் குத்திப் பாருங்க. 60 மி.மீ. இழைன்னா துகளுக்கு மேல 15லேந்து 20 மி.மீ. இழை தெரியணும். அதுக்கு மேல தெரிஞ்சா துகள் போடணும். பெனால்டி புள்ளிக்கு ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சும் கையால போடணும், வாராவாரம் டிராக்டர் பிரஷ் போடுறது அந்தக் குழியை நிரப்பாது. 10 மணிநேரம் ஆடினா 1 மணிநேரம் பராமரிப்புன்னு ஒரு பழைய கணக்கு இருக்கு. தினமும் ராத்திரி பத்து வரைக்கும் வாடகைக்கு விட்டுட்டு வாரம் ஒரு தடவை பிரஷ் போடுற கிளப்புல என்ன ஆகும்னு அந்த ரெண்டு சென்டர் பேக்கைக் கேளுங்க.