ஒரு செட் போனதும் சுருண்டுவிடும் டீம்: கேப்டனை மாற்றலாமா?

லிபரோ7:
எங்கள் ஊர் வாலிபால் டீமில் ஒரு தலைவலி. 20-15 என்று முன்னால் இருப்போம். வரிசையாக மூன்று பாயின்ட் போனதும் எல்லார் வாயும் அடைத்துவிடும், செட்டும் போய்விடும். கேப்டன்தான் எங்களில் நல்ல ஸ்பைக்கர், பந்தை ஓங்கி அடிப்பவர். ஆனால் யாராவது சர்வீஸை நெட்டில் அடித்தால் இடுப்பில் கை வைத்து முறைப்பார், அவ்வளவுதான். ஆளை மாற்றினால் சரியாகுமா?

பழையகீப்பர்:
2020-21 இந்தியா-ஆஸ்திரேலியா டெஸ்ட் கிரிக்கெட் தொடர் ஞாபகம் இருக்கிறதா? அடிலெய்டில் 36 ரன்னில் சுருண்டோம். கேப்டன் கோலி குழந்தை பிறப்புக்காக ஊர் திரும்பினார், ஷமி கையில் அடிபட்டு விலகினார். அடுத்த மெல்பர்ன் டெஸ்டில் பொறுப்புக் கேப்டன் ரஹானே 112-இல் ரன் அவுட். ஜடேஜா தன் அரை சதத்துக்காக ஓடிய அவசர சிங்கிள் அது. ரஹானே முறைக்கவில்லை, ஜடேஜாவைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார். கீப்பிங் செய்தவன் சொல்கிறேன், கேட்சை விட்டதும் கண் முதலில் போவது கேப்டன் முகத்துக்குத்தான். அங்கே முறைப்பைப் பார்த்த பையன் அடுத்த சர்வீஸைப் பயந்து பயந்துதான் போடுவான்.

அப்புறம் சிட்னி டெஸ்ட், கடைசி நாள். விஹாரிக்குத் தொடைத் தசை போய் ஓட முடியவில்லை. அஸ்வினுக்கு முதுகு வலி. ரெண்டு பேரும் 40 ஓவருக்கு மேல் நின்று டிரா செய்தார்கள். பத்துப் பத்துப் பந்தாக ஆடிவிடலாம் என்று அஸ்வின் தமிழில் சொன்னது ஸ்டம்ப் மைக்கில் கேட்டது. அவர் கேப்டனும் இல்லை, துணைக் கேப்டனும் இல்லை.

கேலரிக்குரல்:
ஓவராகத் தூக்கி வைக்காதீர்கள். கடைசி டெஸ்டில், பிரிஸ்பேனில் 186 ரன்னுக்கு 6 விக்கெட் போயிருந்தது. அறிமுக ஆட்டக்காரர் சுந்தர் 62, ஷர்துல் 67 அடித்துத் தூக்கி நிறுத்தினார்கள். உள்ளூர் ஆட்டங்களில் ஆடி ஆடித் தேறி வந்தவர்கள். பெஞ்சு இல்லாமல் எந்தக் கேப்டன் என்ன செய்வார்? உங்கள் ரிசர்வ் பசங்களுக்கு ஆட்டம் கிடைக்கிறதா?

பழையகீப்பர்:
பெஞ்சு சரிதான். ஆனால் தொடரை ஜெயித்ததும் ரஹானே கோப்பையைக் கொடுத்தது ஒரே டெஸ்ட் ஆடிய நடராஜன் கையில். அதையும் பசங்க பார்க்கிறார்கள் இல்லையா? லிபரோ, கேப்டனை மாற்ற வேண்டாம். முறைப்பைப் பற்றித் தனியாகப் பேசுங்கள், மற்றவர்கள் முன்னால் கூடாது. பாயின்ட் போனதும் ஆறு பேரையும் நடுவில் கூட்டி ரெண்டு வார்த்தை பேசும் வேலையை, ஸ்பைக்குக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டரிடம் கொடுங்கள். பெரும்பாலான ரேலியில் பந்து அவர் கைக்குத்தான் வருகிறது.

லிபரோ7:
செட்டர் கேப்டனோட தம்பி. வீட்டிலேயே ரெண்டு பேருக்கும் பேச்சு கிடையாது.

பழையகீப்பர்:
சரி, அப்போ நீங்கள்தான். பின்வரிசையில் தற்காப்புக்கு நிற்கும் லிபரோவுக்கு ஸ்பைக் அடிக்கிற வேலை இல்லை, வாய் சும்மாதானே இருக்கிறது.