மறு: பர்ன்அவுட், ஃபடீக், எக்ஸாஸ்ஷன் – எல்லாவற்றுக்கும் சோர்வுதானா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மூன்று நாளாக வந்த மடல்களை எல்லாம் ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கையேடு வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும். பனியன் கம்பெனிகளில் ஒன்றரை ஷிஃப்ட் பார்ப்பவர்களுக்கு எழுதுவது, மொத்தம் 16 பக்கம். ஆங்கில மூலத்தில் ஒரே பத்தியில் ஃபடீக், எக்ஸாஸ்ஷன், பர்ன்அவுட் மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. முதல் வரைவில் மூன்றுக்கும் சோர்வு என்றே போட்டுக்கொண்டு போனேன். "தொடர்ந்த சோர்வு சோர்வில் கொண்டுபோய் விடும்" என்று ஒரு வாக்கியம் வந்து நின்றது. அதற்கப்புறம்தான் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டா என்று இங்கே கேட்டேன்.

> உள்ளதன் நுணுக்கம் என்று தொல்காப்பியரே வகுத்துக் கொடுத்திருக்கிறார். 'நிழப்பு' என்று ஆளுங்கள்.

புலவர் ஐயாவுக்கு நன்றி. "ஓய்தல் ஆய்தல் நிழத்தல் சாஅய் ஆவயின் நான்கும் உள்ளதன் நுணுக்கம்" – இந்த உரியியல் நூற்பாவை நான் மறந்தே போயிருந்தேன். முன்பு இருந்தது இப்போது குறைந்திருக்கிறது என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. மதுரைக்காஞ்சியின் 'நிழத்த யானை'யை, அதாவது ஓய்ந்து தளர்ந்த யானையை, பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொல்லின் கனம் தெரிகிறது. ஆனால் ஐயா, ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் நிழப்பு என்று படித்தால் நிழலைத்தான் நினைப்பார். அந்த நான்கில் ஓய்தல் மட்டும் இன்றைக்கும் அதே பொருளில் நம் தெருவில் நடமாடுகிறது. "கையும் காலும் ஓஞ்சு போச்சுங்க" என்று சொல்லாத வீடு உண்டா? தொல்காப்பியத்திலிருந்து எடுப்பதென்றால் எக்ஸாஸ்ஷனுக்கு ஓய்ச்சலை எடுக்கலாம் என்பது என் கட்சி.

லெத்தார்ஜி (உடம்பும் மனமும் மந்தப்பட்டுக் கிடப்பது) பற்றிப் பொள்ளாச்சி நண்பர் கேட்டிருந்தார். கையேட்டில் அந்தச் சொல் இல்லை. ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. கிரேக்கத்தில் அது லேதே, ஆர்கோஸ் என்ற இரண்டின் கூட்டு. முன்னது மறதி, பின்னது வேலை செய்யாதிருத்தல். "நெடுநீர் மறவி மடிதுயில் நான்கும்" என்ற குறளில் மறவியும் (மறதி) மடியும் (சோம்பல்) அடுத்தடுத்தே நிற்கின்றன. மொழிகளுக்குள் உறவு இருப்பதாக நான் சொல்லவில்லை. உடம்பு மந்தப்படும்போது நினைவும் மந்தப்படுகிறது என்பதை இரண்டு இடத்திலும் கண்டிருக்கிறார்கள்.

சரி, எக்ஸாஸ்ஷனுக்கு வருகிறேன். இதன் லத்தீன் வேர் நீர் இறைப்பதைக் குறிப்பது. முழுக்க இறைத்துத் தீர்ப்பதுதான் அந்தச் சொல்லின் முதல் பொருள். இதைப் படித்ததும் காங்கயம் பக்கம் எங்கள் அப்பாரு கவலை ஓட்டிய கதைதான் நினைவுக்கு வந்தது. (எருது பூட்டிக் கிணற்று நீர் இறைப்பது. தெற்கே கமலை என்பார்கள். நமக்குக் கவலை.) எருதுகள் சரிவில் இறங்க இறங்கச் சால், அதாவது நீர் மொள்ளும் கலன், மேலே வரும். முற்பகலுக்குள் கிணறு வற்றி, சால் பாறையில் இடிக்கும் சத்தம் கேட்கும். உடனே எருதை அவிழ்த்துவிடுவார்களாம். பொழுதோட வந்து பார்த்தால் இரண்டு ஆள் மட்டத்துக்குத் தண்ணீர் ஊறியிருக்கும். வற்றியது திரும்ப ஊறும் என்ற நம்பிக்கையில்தான் இந்த நாட்டு வெள்ளாமையே நடந்தது.

எக்ஸாஸ்ஷனும் அப்படித்தான். இறைத்தால் தீரும், விட்டால் ஊறும். பர்ன்அவுட் அப்படி இல்லை. அதில் ஊத்துக்கண்ணே அடைந்துபோகிறது. போன மாதம் ஒரு செக்கிங் பிரிவில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அக்கா சொன்னார்: "அசதின்னா ஒரு தூக்கத்துல போயிருமுங்க. இது ஞாயித்துக்கெழம முழுக்கப் படுத்தாலும் போகமாட்டேங்குது. துணியப் பாத்தாலே வெறுப்பா வருது." சொல்லும்போது கையிலிருந்த பனியனைத் திருப்பி மடித்துக்கொண்டேதான் இருந்தார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் பர்ன்அவுட்டுக்குக் கொடுத்த விளக்கத்தில் மூன்று கூறுகள் உண்டு: சக்தி வற்றிப்போவது, வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்புத் தட்டுவது, வேலைத்திறன் குறைவது. அந்த அக்கா முதல் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அதை நோய் என்று அந்த நிறுவனம் சொல்லவில்லை, வேலை சார்ந்த ஒரு நிலை என்றே வகைப்படுத்தியது. அதனால் 'எரிநோய்' என்ற பரிந்துரையை ஏற்க முடியவில்லை. 'எரிந்தழிவு' தீ விபத்துப் போல ஒலிக்கிறது. என் பரிந்துரை 'ஊற்றடைப்பு'.

> போர்வெல் காலத்துப் பிள்ளைகளுக்கு ஊற்றுக்கண் என்றால் என்ன தெரியும்? பணிச்சோர்வு என்றால் எல்லாருக்கும் புரியும்.

அம்மா, நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பணிச்சோர்வு என்றால் வேலை செய்த களைப்பு என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். வேலை செய்தால் களைப்பு வரத்தானே செய்யும் என்று மேற்பார்வையாளரும் சொல்லிவிட்டுப் போய்விடுவார். அந்தப் பத்தியே எதற்காக எழுதப்பட்டதோ அது அங்கேயே அடிபட்டுப் போகிறது. எனக்குள்ள மனக்குறை இதுதான்.

பாலிடெக்னிக்கில் பாடம் எடுக்கும் கோவைத் தம்பி, உலோகத்துக்கும் ஃபடீக் என்கிறோமே, அதற்கும் இதே சொல்லை வைக்கலாமா என்று கேட்டிருந்தார். வேண்டாம் தம்பி. ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமையை ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கினால், நுண்ணிய விரிசல் விழுந்து, வளர்ந்து, ஒருநாள் படாரென்று முறிகிறது. 1842இல் பிரான்சில் வெர்சாய் அருகே ரயில் அச்சு முறிந்து நடந்த பெரும் விபத்தும், பின்னால் ஜெர்மானியப் பொறியாளர் வோலர் ரயில் அச்சுகளை வைத்துச் செய்த சோதனைகளும் உங்கள் பாடத்திலேயே இருக்கும். ராத்திரி முழுக்கச் சும்மா வைத்தாலும் அச்சில் விழுந்த விரிசல் தானாக ஒட்டிக்கொள்ளாது. அதற்கு அசதி எப்படிப் பொருந்தும்? கவலை வடம் உருளையில் வளைந்து நிமிர்ந்து புரி புரியாக நைந்து போகுமே, அந்த 'நைவு' நல்ல சொல். உலோக நைவு என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள்.

மனிதருடைய ஃபடீக்குக்கு எனக்குப் பிடித்தது 'சடவு'. "ஒடம்பு சடவா இருக்குது" என்று எங்கள் அம்மா சொல்லாத நாள் குறைவு. ஆனால் நெல்லை நண்பர் சடவு என்றால் அவர்கள் ஊரில் மனத்தாங்கல், கோபம் என்கிறார். தமிழ்நாடு முழுக்கப் போகும் கையேடாக இருந்தால் அது பெரிய தடை. இது திருப்பூர், அவிநாசி, பல்லடம் வட்டாரத்துக்குள்தான் போகிறது. ஆனால் இன்று அந்த மெஷின்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேர் தென்மாவட்டத்துக்காரர்கள் என்று அவர் திருப்பிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. அதனால் அசதி.

இப்போதைக்கு வரைவில் இருப்பது இது: ஃபடீக் – அசதி, எக்ஸாஸ்ஷன் – ஓய்ச்சல், பர்ன்அவுட் – பணிச்சோர்வு. கடைசிச் சொல்லுக்கு ஏழு பேர் கை தூக்கியிருக்கிறீர்கள், நான் கட்டுப்படுகிறேன். அதற்குக் கீழே "ஊற்றுக்கண் அடைந்த கிணறு போல, ஓய்வெடுத்தாலும் தீராதது" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். அதை மட்டும் எடுக்கச் சொல்லாதீர்கள்.

கோபி, தாராபுரம், பழனிப் பக்கத்து நண்பர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் சடவு என்றால் அசதியா, மனத்தாங்கலா என்று கேட்டு வியாழன் இரவுக்குள் ஒரு வரி எழுதுங்கள். இரண்டும்தான் என்று யாராவது சொன்னால், எந்தச் சமயத்தில் எது என்பதையும் கேட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
அவிநாசியிலிருந்து