அப்பா நம்பருக்குப் போகிற ஓடிபி: ரேஷன் கார்டில் என் பேரை நீக்குவது எப்படிங்க?

கோபி பொண்ணு:
வணக்கங்க. நானும் வீட்டுக்காரரும் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்கிறோம். அனுப்பர்பாளையத்தில் லைன் வீட்டில் வாடகை. பையனுக்கு இரண்டு வயது. புதுக் கார்டுக்குப் போட்டால் என் ஆதார் ஏற்கனவே வேறு கார்டில் இருக்கிறது என்று வருகிறது. கோபி பக்கம் அம்மா வீட்டுக் கார்டில் என் பேர் இருக்கிறது. நீக்கலாம் என்றால் அப்பா நம்பருக்குத்தான் ஓடிபி போகிறது. அப்பா தவறி ஒன்றரை வருஷம் ஆச்சு, அந்த சிம்மும் இல்லை. பிரவுசிங் சென்டரில் என் பேரை விட்டுவிட்டு அவர், பையன் பேரில் மட்டும் போட்டார்கள். அது தனிச் சமையல் இல்லை என்று நிராகரிப்பு ஆகிவிட்டது. இப்போது ஒருவர் 3,000 ரூபாய் கொடுத்தால் முடித்துத் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? என் பேரை எடுத்தால் அம்மாவுக்கு அரிசி நின்றுவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது.

காங்கயத்துக்காரன்:
தங்கச்சி, யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம். மாதாமாதம் இரண்டாவது சனிக்கிழமை ஒவ்வொரு தாலுகாவிலும் ரேஷன் குறைதீர் முகாம் நடக்கும். பேர் நீக்கல், நம்பர் மாற்றம், புதுக் கார்டு மனு எல்லாம் அங்கே வாங்குவார்கள். ஆனால் உங்கள் அம்மா கார்டு கோபி தாலுகாவில் இருப்பதால் கோபி முகாமுக்குத்தான் போக வேண்டும், திருப்பூருக்கு அல்ல. நான் இதைத் தெரியாமல் ஒரு நாள் கூலியை விட்டேன்.

இ-சேவை அக்கா:
அம்மணி, வரிசை முக்கியம். முதலில் அப்பாவின் இறப்புச் சான்று வைத்து அவர் பேரை நீக்கி, அம்மாவைக் குடும்பத் தலைவராக மாற்றச் சொல்லுங்கள். கூடவே அம்மா நம்பரைப் பதியுங்கள். அப்புறம் உங்கள் கல்யாணப் பத்திரிகையோ பதிவுச் சான்றோ காட்டி உங்கள் பேரை நீக்குங்கள். அம்மா நேரில் வருவது நல்லது, அவர் ஆதாரும் அசல் கார்டும் கையில் இருக்கட்டும்.
அரிசிக்குப் பயப்படாதீர்கள். ஆள் குறைந்தால் அளவு மாறலாம், கார்டு ரத்தாகாது. மிக ஏழைக் குடும்பங்களுக்கான அந்தியோதயா கார்டாக இருந்தால் எத்தனை பேர் இருந்தாலும் 35 கிலோதான்.
புது விண்ணப்பத்தில் அட்டை வகை கேட்கும் இடத்தில் ‘அரிசி அட்டை’ என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சர்க்கரை அட்டையைத் தொட்டுவிட்டு அழுதவர்கள் நிறைய.

கோபி பொண்ணு:
ரொம்ப நன்றிங்க அக்கா. முகவரிச் சான்றுக்குக் கேட்டால் வீட்டு ஓனர் கரண்ட் பில் தர மாட்டேன் என்கிறார். எங்கள் கேஸ் புத்தகத்தில் இன்னும் மாமியார் ஊர் முகவரிதான் இருக்கிறது.

பல்லடம் தம்பி:
அதுதான் அக்கா தனிச் சமையல் இல்லை என்று வந்ததற்குக் காரணம் என்று நினைக்கிறேன். கேஸ் முகவரியைத் திருப்பூருக்கு மாற்றிவிடுங்கள், வாடகை ஒப்பந்தமும் போட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று, கள ஆய்வுக்குப் பகலில்தான் வருவார்கள். நீங்கள் இருவரும் ஷிப்டில் இருந்தால் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவியும் உங்கள் நம்பரும் கொடுத்து வையுங்கள். அடுப்பும் சிலிண்டரும் பார்த்தால் போதும். ஏதாவது இழுத்தடித்தால் ரேஷன் உதவி எண் 1967-க்குக் கூப்பிட்டு விண்ணப்ப எண்ணைச் சொல்லுங்கள்.

கோபி பொண்ணு (இரண்டு மாதம் கழித்து):
எல்லோருக்கும் சொல்ல வேண்டும் என்று வந்தேன். அம்மாவைக் கூட்டிக்கொண்டு கோபி முகாமுக்குப் போனோம். அப்பா பேரை நீக்கும்போது அம்மா கொஞ்ச நேரம் அந்தக் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது கார்டு அம்மா பேரில், ஓடிபியும் அம்மா போனுக்கே வருகிறது. திருப்பூரில் மூன்று பேர் பேரும் போட்டு விண்ணப்பித்தாயிற்று. போன வாரம் ஆய்வுக்கு வந்தார்கள், பக்கத்து வீட்டு அக்கா கதவைத் திறந்து அடுப்பைக் காட்டியிருக்கிறார். ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம்.